மூலை வெட்டிய கார்டுகளின் மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை அவர்களே,

ஜமால் பாய் அடித்துக் கொடுத்த தகரப் பெட்டி நேற்று மதியம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உமது காரியம் முடிந்த மூன்றாம் நாள் உம்முடைய பெண் மலர் பீரோவுக்கு மேல் தூசி தட்டப் போயிருக்கிறாள். பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் இது கிடந்திருக்கிறது. மூடியில் கறுப்பு பெயிண்டில் என் பெயர்.

"உங்க பேரு போட்டிருக்குது மாமா, அதான் தூக்கினு வந்தேன். நைனா இத யாரையும் தொட விடமாட்டாரு. அம்மாவுக்குக் கூடக் காட்டுனதில்ல."

மூடியைத் திறக்காமலே துரு வாசனை என் மூக்கில் ஏறியது. மூக்கிலிருந்து மண்டைக்குப் போய், ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கே குடியிருக்கிற கோபத்தை உலுக்கி, "எழுந்திரு, உன் எதிரி வந்திருக்கிறான்" என்றது. எதிரி செத்துப் பதினெட்டு நாள் ஆகிறது என்று நான் சொன்னதை அது காதில் வாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் உம்மை 'டேய்' என்று கூப்பிட்டவன் நான். என் தங்கை பூங்காவனத்தைக் கட்டிக்கொண்ட அன்று ஊர் வழக்கப்படி 'மாப்ளே' ஆனீர். அந்த மே மாதத்துக்குப் பிறகு உம்மோடு பேச்சே இல்லை என்பதால், மனசுக்குள் திட்டுவதற்கென்று இந்த 'நீர்' என்பதை வைத்துக்கொண்டேன். அதில் பாசமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. நடுவில் ஒரு அகழி மட்டும் உண்டு. நம் செஞ்சிக் கோட்டையைச் சுற்றி இருக்கிற அகழியை விட அது ஆழம். கோட்டையை முற்றுகையிட்ட முகலாயப் படைக்கே எட்டு வருஷத்தில் அலுத்திருக்கும். எனக்கு அலுக்கவில்லை.

பெட்டியைத் திறந்த கதையைச் சொல்வதற்கு முன் என் குற்றப்பத்திரிகையை முழுசாக வாசித்துவிடுகிறேன். உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்க மாட்டீர். இப்போது எழுந்து போக முடியாது.

அறுபதுகளின் கடைசி. நீரும் நானும் ஒரே கல்லூரியில் கணக்குக்குத் தற்காலிக விரிவுரையாளர்கள். முந்தின வருஷம் உம்மைப் பதினைந்து நாள் சென்னைக்கு அனுப்பி, பல்கலைக்கழகம் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். போகும்போது மனிதராகப் போனீர். திரும்பும்போது, பிரம்மா உம்மைக் கலந்துகொண்டுதான் தலையெழுத்தை எழுதுகிறான் என்பது போல நடந்துவந்தீர். அடுத்த கோடையில் நம் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் புரோகிராம் எழுதக் கற்றுத்தர வேண்டும் என்று சென்னையில் பேச்சு வந்ததும், "எங்க ஊர்ல நடத்துறேன் சார்" என்று முந்திக்கொண்டீர். பள்ளிக்கூடத்துக் கூடத்தைப் பிடித்தீர். கத்திரி வெயில். கம்ப்யூட்டர் படிப்பு வருகிறது என்று கேள்விப்பட்ட செஞ்சிக்காரர்களில் பாதிப்பேர் அது புதுசாக வந்த உரம் என்று நினைத்தார்கள். மீதிப்பேர் மல்லாட்டைக் கடலை உரிக்கிற மெஷின் என்று நினைத்து வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். மெஷின் சென்னையில் இருந்தது. செஞ்சியில் இருந்தது ஒரு கரும்பலகையும் நீரும்தான்.

"சார், மெஷினு எப்ப சார் வரும்?" என்று கேட்டான் அவலூர்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்த மாணவன் ஒருவன்.

"வராது. நீங்கதான் மெஷினு" என்றீர்.

அந்தப் பயிற்சியில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாகப் புரோகிராமை எழுதுவோம். அந்தத் தாள்களைத் துணிப்பையில் கட்டிக் காலை ஏழு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். சென்னையில் ஒரு பெண் அதைப் பார்த்து, ஒரு வரிக்கு ஒரு கார்டாகத் துளை போடுவாள். நாலு நாள் கழித்து அதே பஸ்ஸில் கார்டுகள் திரும்பிவரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் அந்தக் கமா ஏறக்குறைய நூறு மைல் போய் நூறு மைல் வரவேண்டும். உலகத்திலேயே அதிக தூரம் பஸ்ஸில் பிரயாணம் செய்த கமாக்கள் என்னுடையவைதான். நீர் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு என் தாள்களைச் சுழிப்பீர். மாணவர்களின் தாளில் சரியான இடத்தில் டிக் போடுவீர். என் தாளில் அந்த முப்பது நாளில் ஒரே ஒரு டிக் கூட விழவில்லை.

"எழுதுனதத்தான் அது செய்யும் மச்சான். நீ நெனச்சதச் செய்யாது" என்பீர். தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போல.

முக்காலியை மறந்திருக்க மாட்டீர். எண்களை வரிசைப்படுத்துகிற பாடம். பத்து நாற்காலி போட்டு, பத்துப் பேரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சிலேட்டும் சிலேட்டில் ஒரு எண்ணும் கொடுத்தீர். பக்கத்து எண் பெரியதாக இருந்தால் இடம் மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் ஒன்று அழிந்துபோகும். நடுவில் ஒரு ஆள் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்.

"மச்சான், எழுந்து வா. அந்த முக்காலில குந்து."

"எனக்கு இன்னா நம்பர் மாப்ளே?"

"உனக்கு நம்பர் இல்ல. நீ தற்காலிகம். குடுக்கறத வாங்கி வெச்சிக்கோ. கேட்டா குடுத்துடு. எதுக்குன்னு கேக்காத."

"சாருக்குப் பழகுன உத்தியோகந்தான்" என்றான் அவலூர்பேட்டைக்காரன். கூடம் சிரித்த சிரிப்பில் ராஜகிரி உச்சியில் இருந்த குரங்குகள் இறங்கி ஓடி, எதிர்க் குன்றான கிருஷ்ணகிரியில் ஏறிக்கொண்டன. ஜூன் மாதத்திலிருந்து கல்லூரியில் எனக்கு இடமில்லை என்று அந்த வாரம்தான் கடிதம் வந்திருந்தது. அது உமக்கும் தெரியும்.

அதனால்தான் அந்த வேலை எனக்கு உயிராக இருந்தது. பயிற்சி முடியும்போது ஆசிரியர்களில் ஒருவரைச் சென்னை மெஷின் அறைக்கு நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசி நாள் சென்னையில் ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டம். பிழையில்லாமல் ஓட வேண்டும். இரண்டு பேருடையது ஓடினால் கார்டு குறைவாக உள்ளவருக்கு வேலை. சொல்லிக்கொடுத்த நீரும் போட்டியில் இருந்தீர். உம்முடையது நூற்றெழுபது கார்டு. என்னுடையது நூற்றுநாற்பது. நம் தாலுகாவில் முப்பது ஊர்களுக்கு ஒவ்வோர் எண் கொடுத்து, மல்லாட்டை விளைச்சலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிற புரோகிராம். ஏழு என்றால் அவலூர்பேட்டை, முப்பது என்றால் தளவானூர். அதை நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது லட்சம் தடவை இருக்கும். குறைத்துச் சொல்கிறேன்.

கார்டு வரிசை குலையாமல் இருக்க ஜமால் பாயிடம் அளவு கொடுத்து இந்தப் பெட்டியைச் செய்தேன். டிரங்குப் பெட்டி அடிக்கிற கை. மூடி அப்படி ஒரு இறுக்கம். அதை உம் வீட்டில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பூங்காவனம் காபி கொண்டுவந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"இன்னாண்ணா இது, எல்லாக் கார்டும் ஒரு மூலை மூளியா இருக்குது?"

"தலகீழா வெச்சிடக் கூடாதுன்னு வெட்டியிருக்காங்க. நீ போ" என்றீர் நீர்.

"நல்ல காரியத்துக்குப் போற காயிதம் மூளியாவா போவும்? எங்கண்ணன் பொழப்பு இதுலதான் இருக்குது."

"மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது பூங்காவனம்" என்றீர். அவள் உம்மைப் பார்த்த பார்வை சரியாகப்படவில்லை என்று அன்றைக்கே நினைத்தேன். பெட்டியை உம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். சரிபார்த்த பிறகு கார்டைத் தொடக்கூடாது என்பது நீர் போட்ட சட்டம். மறுநாள் காலை பூங்காவனம்தான் எடுத்துக் கொடுத்தாள். "ஆயிடும்ணா, போய்ட்டு வா" என்றாள். நீர் இன்னும் குளித்துக்கொண்டிருந்தீர்.

சென்னை மெஷின் அறையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே இமயமலைக் குளிர். பயிற்சிக்கு வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். நீர் மட்டும் உள்ளே போகலாம். என் பெட்டியை வாங்கிக்கொண்டு போனீர். மூடியைத் திறந்தீர். அப்படியே நின்றீர். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆபரேட்டர் உம் கையிலிருந்து கார்டுக் கட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி மெஷினில் வைத்தார். அது பத்துக் கார்டு தின்றது, பற்களுக்கு நடுவே கல் சிக்கியது போலக் கறக்கென்று ஒரு சத்தம் போட்டது, நின்றது. கிழிந்த கார்டுகளை ஆபரேட்டர் இழுத்து எடுத்தார். நீர் அவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினீர். அவர் தலையை ஆட்டினார். நீர் வெளியே வந்தீர்.

"ஓடல மச்சான்."

"கார்டக் காட்டு."

"வேணாம்."

"என் கார்ட எனக்குக் காட்டுடா!"

"வேணாம் மச்சான்" என்று பெட்டியை உம் பைக்குள் திணித்துக்கொண்டீர். பிறகு உமது நூற்றெழுபது கார்டும் வாழைப்பழம் போல உள்ளே போயிற்று. வேலை உமக்கு.

மறுநாள் செஞ்சியில் உம் வாசலில் நான் போட்ட கூச்சல் திண்டிவனம் வரைக்கும் கேட்டிருக்கும். கடைத்தெருவே கூடிவிட்டது. எனக்கு ஒரு நோய் உண்டென்று ஊருக்குத் தெரியும்; எதையும் அளவோடு சொல்ல வராது. அன்றைக்கும் அதுதான் வாயில் வந்தது.

"எவன் என் கார்டுல கை வெச்சானோ, ஆம்பளையோ பொம்பளையோ, எங்கூடப் பொறந்ததே ஆனாலும் சரி, சாவற வரைக்கும் அந்த மூஞ்சியில முழிக்க மாட்டேன்! அவுங்க சோத்தத் தொட மாட்டேன்! செத்தா தோள் குடுக்க மாட்டேன்!"

பூங்காவனம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, நானு வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றீர் நீர், அவளைத் தாண்டி வெளியே வந்து. "நான்தான் கை வெச்சேன் மச்சான். போதுமா?"

அவள் திரும்பி உம்மைப் பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான். நீ உள்ள போ."

அவ்வளவு லேசாக, உப்புப் போட மறந்துவிட்டேன் என்பது போலச் சொன்னீரே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றினேன். நீர் சென்னையில் பெரிய ஆளானீர். நான் கடைத்தெருவில் தட்டச்சுப் பயிலகம் வைத்து, செஞ்சித் தாலுகாவின் பத்து விரல்களையெல்லாம் பழக்கினேன். மலருக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடி வேண்டுமே, அதற்காக வந்தேன். உட்கார்ந்தேன், குழந்தையை மடியில் வாங்கினேன், எதிரில் நின்ற உம்மைப் பார்க்காமல் இருக்க ஆசாரியின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவந்தீர். பஸ் ஸ்டாண்டில் உம்மைக் கண்டால் நான் சாலையைக் கடப்பேன். பஸ் மோதினாலும் பரவாயில்லை என்று கடப்பேன். நீர் செத்த அன்று தங்கைக்குக் கோடிப் புடவை எடுத்துக்கொண்டு வந்தேன். தோள் கொடுக்கவில்லை.

குற்றப்பத்திரிகை முடிந்தது. இன்று காலை பெட்டியைத் திறந்தேன்.

ஜமால் பாயின் மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு கெட்ட வார்த்தையும் தேவைப்பட்டன. உள்ளே என் கார்டுகள். கட்டின் மூலைகளில் மஞ்சள். வெயில் படாததால் நிறம் போகவே இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு ஒவ்வொன்றாக வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் கட்டோடு பிடித்து, கரைத்த மஞ்சளை மூலை ஓரத்தில் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இழுக்கிறவள் ஒருத்திதான். வெட்டிய மூலையில் மட்டும் இரண்டு தடவை இழுத்திருக்கிறாள், மூளி தீரட்டும் என்று. கார்டுகள் ஓரத்தில் ஊறி, உப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. நகத்தால் பிரித்துப் பார்த்தேன். கிழிந்தது. எந்த மெஷின் தின்னும் இதை?

மாப்பிள்ளை அவர்களே, அவள் உம் கட்டுக்கு மஞ்சள் வைக்கவில்லை. புருஷன் கட்டு பக்கத்திலேயே இருந்தும், அண்ணன் ஜெயிக்க வேண்டும் என்று அண்ணன் கட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறாள். அதனால்தான் உம்முடையது ஓடியது, ஓய்! பெண்டாட்டியின் ஓரவஞ்சனையால் உத்தியோகம் பெற்ற ஒரே மனிதர் பூலோகத்தில் நீர்தான். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் பழியை எடுத்துக்கொண்டீர் என்று நான் கொஞ்ச நேரம் அடித்துச் சொல்லிப் பார்த்தேன். என் மனசே கேட்கவில்லை. எங்கூடப் பொறந்ததே ஆனாலும் சரி என்று கத்தியவன் நான்தானே. அவள் வாயைத் திறந்திருந்தால் எனக்குத் தங்கை இல்லை. மலருக்குக் காது குத்த என் மடி இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினீரே, எனக்கு இன்னொரு ஓட்டம் கேட்டுத்தான் கெஞ்சினீரா? இல்லை என்று சொல்லும். ஆமாம் என்றால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

கார்டுகளுக்கு அடியில் மடித்த ஒரு நீளத் தாள் இருந்தது. மெஷின் அச்சடித்த தாள். நீர் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் புரோகிராமைப் புதுக் கார்டில் துளை போடச் சொல்லி ஓட்டியிருக்கிறீர். மேலே ஏழு, அவலூர்பேட்டை; கீழே முப்பது, தளவானூர். நடுவில் ஒன்று கூட வரிசை தப்பவில்லை. தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக்.

பாவி மனிதா. இதை அன்றைக்கே பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கக் கூடாதா? அனுப்பியிருந்தால், கெடுத்த ஆளே இதை எதற்கு ஓட்டிப் பார்த்து டிக் போட்டார் என்று நான் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்தான். அதற்காக, என் புரோகிராம் சரியா தப்பா என்று தெரியாமலே நான் கிழவனாக வேண்டுமா? ஒரு யோக்கியனை ஐம்பது வருஷம் வெறுக்க வைத்து என் வெறுப்பையும் வீணாக்கினீர். வேறு நல்ல அயோக்கியனாகப் பார்த்துச் செலவழித்திருப்பேன்.

சாயங்காலம் தங்கையைப் பார்க்கப் போனேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது வழக்கமில்லை என்பதால் அவள் சந்தேகப்பட்டாள்.

"இன்னாண்ணா, அவரத் திட்டாம குந்தினு இருக்கற? ஒடம்பு சரியில்லையா?"

"பெட்டிய மலர் குடுத்தா."

"ஆங், சொன்னா." புடவை நுனியை முறுக்கினாள். "ஒண்ணு சொல்லட்டாண்ணா? இத்தினி வருஷமா சொல்லல. அந்தக் கார்டுக்கு நானு மஞ்ச வெச்சுத்தான் அனுப்பினேன். மூளியா போவக் கூடாதுன்னு. அத உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. மஞ்ச வெச்ச பொருளக் கெடுத்தேன்னு தெரிஞ்சா உங்கண்ணன் இன்னும் கொதிப்பான்னாரு. மஞ்ச வெச்சதப் போயி கெடுத்தாரே இந்த மனுசன்! அந்த ஒண்ண மட்டும் நானு கடைசி வரைக்கும் அவர மன்னிக்கல."

என்னை மட்டுமா, அவளையும் உம்மை வெறுக்க வைத்துவிட்டா போனீர்? ஒரே பாயில் படுத்து, ஒரே சோற்றைத் தின்று, அதையுமா சுமந்தீர்?

உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கு எழுபத்தெட்டு வயது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லை அளந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, தொடையில் ஓங்கித் தட்டினேன்.

"மஞ்ச வெச்சதயா கெடுத்தான்? அடப் பாவி! அந்தாளு நரகத்துக்குப் போனா நரகமே நாறிப்பூடும்! எண்ணெய்க் கொப்பரைல போட்டா கொப்பரை ஓட்டையாயிடும்!"

"செத்துட்டாருண்ணா. வுடு." சொல்லும்போதே அவள் முகம் லேசாகிவிட்டது. "காபி குடிக்கிறியா?"

"குடிப்பேன். ஆனா அவன வுட மாட்டேன்."

இனி வாரத்துக்கு இரண்டு நாள் போய்த் திட்டிவிட்டு வருவதாக இருக்கிறேன். நான் நிறுத்தினால் அவள் ஏன் என்று கேட்பாள். தாளும் டிக்கும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. கார்டுகளை அடுப்பில் போட்டுவிட்டேன். மஞ்சள் எரிகிற வாசனை வீடு முழுக்க வந்தது. பெட்டியில் இனி என் வெற்றிலை பாக்கு இருக்கும். யாராவது திறந்து பார்த்தால் அதுதான் தெரியும்.

எனக்கு நம்பர் இல்லை. முக்காலியில்தான் குந்தியிருக்கிறேன். குடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டேன், எதுக்குன்னு கேட்கவில்லை. திருப்பிக் கேட்கத்தான் நீர் இல்லை.

இப்படிக்கு,
உம்மை விடாத பகையாளி,
பூங்காவனத்தின் அண்ணன்.